நிலமும் பொழுதும்: கியோட்டோவைப் பருவந்தோறும் நடந்து அறிதல்

ஜப்பானின் பழைய தலைநகரான கியோட்டோ, 794ஆம் ஆண்டு தொடங்கி 1869ஆம் ஆண்டுவரை பேரரசரின் இருப்பிடமாக விளங்கிய நகரம். இன்று அது வெளியுலகுக்குப் பெரும்பாலும் கோயில்களின் பட்டியலாகவே அறிமுகமாகிறது. ஆனால் அந்நகரைப் பற்றி அங்கேயே எழுந்த நூல்கள் வேறு இரண்டு வரிசைகளில் அதை விவரித்து வந்திருக்கின்றன. ஒன்று நடைவழி வரிசை: கைபாரா எக்கிகேன் என்ற அறிஞர் 1706இல் வெளியிட்ட வழிகாட்டி நூல், ஒரு நாளில் நடந்து முடிக்கக்கூடிய பாதைகளாக நகரைப் பிரித்துக் காட்டுகிறது. மற்றொன்று நாள்வழி வரிசை: மருத்துவரும் வரலாற்றாய்வாளருமான குரோகவா தோயு 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொகுத்த நூல், எந்த மாதத்தின் எந்த நாளில் எந்தத் தெருவில், எந்த ஆலயத்தில் என்ன நிகழும் என்பதை ஆண்டு முழுவதற்கும் நிரல்படுத்துகிறது. இவ்விரு வரிசைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போதுதான் கியோட்டோவின் உண்மையான அமைப்பு புலப்படும். அங்கே பருவம் வானிலையின் விளைவு மட்டுமன்று. நிலத்தின் சரிவும், தெருவின் ஒழுங்கும், தெருவில் குடியிருப்போரின் உழைப்பும், அண்மைக்காலத்தில் சட்டமும் சேர்ந்து ஆண்டுதோறும் உருவாக்குகிற ஒன்று அது. அந்த உருவாக்கத்தை நடந்து செல்பவர் காண முடிகிற அளவுக்கு வேறு எவரும் காண முடியாது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

சரிவும் கட்டமும்

கியோட்டோ கிழக்கு, வடக்கு, மேற்கு ஆகிய மூன்று திசைகளிலும் மலைகள் சூழ்ந்து, தெற்கில் மட்டும் திறந்திருக்கும் ஒரு கிண்ண நிலத்தில் அமைந்துள்ளது. வடகிழக்கில் 848 மீட்டர் உயரமுள்ள ஹியே மலை நிற்கிறது. கமோ ஆறு நகரின் கிழக்குப் பகுதி வழியாகவும், கட்சுரா ஆறு மேற்குப் பகுதி வழியாகவும் தெற்கு நோக்கி ஓடுகின்றன. நகரம் கண்ணுக்குச் சமதரையாகத் தோன்றினாலும், தெற்கே தோஜி கோயில் இருக்கும் ஒன்பதாம் பெருந்தெருவிலிருந்து வடக்கே கிதாவோஜி தெருவரை நடந்தால் தரை ஏறத்தாழ 50 மீட்டர் உயர்ந்துவிடும்; அது தோஜியின் ஐந்தடுக்குக் கோபுரத்தின் உயரத்துக்கு நெருக்கமான அளவு. இந்தச் சரிவு முகவரிகளிலும் பதிந்திருக்கிறது. இரு தெருக்கள் சந்திக்கும் இடத்தின் பெயரைச் சொல்லி, அங்கிருந்து வடக்கே போக வேண்டுமானால் ‘ஏறுக’ என்றும், தெற்கே போக வேண்டுமானால் ‘இறங்குக’ என்றும், பக்கவாட்டில் போக வேண்டுமானால் ‘கிழக்கே நுழைக’, ‘மேற்கே நுழைக’ என்றும் எழுதும் வழக்கம் இன்றும் அஞ்சல் முகவரிகளில் தொடர்கிறது. நடப்பவரை மனத்தில் வைத்து எழுதப்பட்ட முகவரி அது.

பேரரசர் கம்மு இங்கே நிறுவிய ஹெயான்கியோ, சீனத் தாங் பேரரசின் தலைநகரான சாங்கானைப் பின்பற்றி, கிழக்கு மேற்காகச் சுமார் 4.5 கிலோமீட்டரும் வடக்கு தெற்காகச் சுமார் 5.2 கிலோமீட்டரும் கொண்ட கட்டங்களாக வகுக்கப்பட்டது. ஒவ்வொரு கட்டமும் ஏறத்தாழ 120 மீட்டர் சதுரம். நடுவே சென்ற சுசாக்குப் பெருவீதி 80 மீட்டருக்கும் அதிகமான அகலம் உடையது. அவ்வீதியின் தெற்கு முனையில் நின்ற ரஜோமோன் என்னும் பெருவாயிலின் இடத்தில் இன்று சிறுவர் பூங்கா ஒன்றும் அதில் ஒரு நினைவுக் கல்லும் மட்டுமே உள்ளன. திட்டம் சமச்சீராக இருந்தாலும் நிலம் அப்படி இருக்கவில்லை. மேற்குப் பாதி தாழ்வாகவும் சதுப்பாகவும் இருந்ததால் 10ஆம் நூற்றாண்டிலேயே வெறிச்சோடத் தொடங்கியது. மக்கள் கிழக்கே, கமோ ஆற்றை நோக்கி நகர்ந்தனர். 1467 முதல் 1477 வரை நடந்த ஓனின் போரில் நகரம் எரிந்து, மேல்நகரம், கீழ்நகரம் என இரு சிறு குடியிருப்புகளாகச் சுருங்கியது.

ஆட்சியாளர் தொயோதோமி ஹிதேயோஷி 1590இல் பழைய சதுரக் கட்டங்களுக்கு நடுவே புதிய தெருக்களைத் திறந்து, பல கட்டங்களை 60 மீட்டர் அகலத்துக்குப் பிளந்தார். அடுத்த ஆண்டு நகரைச் சுற்றி 22 கிலோமீட்டருக்கும் அதிக நீளமான மண் அரணை எழுப்பினார். ஏற்கெனவே வணிகர்கள் செழித்திருந்த கீழ்நகரின் நடுப்பகுதியில் மட்டும் இந்தப் பிளவு நிகழவில்லை. இன்றும் கிழக்கிலிருந்து மேற்காகச் செல்பவருக்கு முதலில் 60 மீட்டருக்கு ஒரு குறுக்குத்தெரு வரும். கரசுமா தெருவைத் தாண்டியதும் 120 மீட்டருக்கு ஒன்றுதான் வரும். 400 ஆண்டுகளுக்கு முந்தைய ஓர் ஆட்சி முடிவும், அது தொடாமல் விட்ட ஒரு சமூகத்தின் வலிமையும் காலடிகளின் கணக்கிலேயே தெரிகின்றன. ஓயிகே, கோஜோ, ஹோரிகாவா ஆகிய மூன்று அகன்ற சாலைகளோ, இரண்டாம் உலகப்போரின் இறுதிக்கட்டத்தில் விமானத் தாக்குதலால் தீ பரவாமலிருக்க வீடுகளை இடித்து உண்டாக்கிய வெளிகளிலிருந்து பிறந்தவை.

வசந்தம்: ஏடுகளில் பூத்த மரம்

நிஜோ கோட்டைக்குத் தெற்கே ஷின்சென்-என் என்ற சிறு குளமும் தோட்டமும் உள்ளன. ஹெயான்கியோ அமைந்தபோது பேரரசருக்குரிய பெருந்தோட்டமாக இருந்த இதன் பெரும்பகுதியை 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த கோட்டை விழுங்கிவிட்டது. 812ஆம் ஆண்டு பேரரசர் சாகா செர்ரிப் பூக்களைக் காண விருந்து நடத்திய இடமாக ஏடுகள் குறிப்பிடுவது இந்தத் தோட்டத்தைத்தான். அதன்பின் பேரரசர்களும் அரசவையினரும் துறவியரும் எழுதிய நாட்குறிப்புகளில், பூ முழுமையாக மலர்ந்த நாளும் பூக்காணும் விருந்து நடந்த நாளும் தொடர்ந்து பதிவாகி வந்துள்ளன. அன்றைய ஒசாகா மாகாணப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யசுயுக்கி அவோனோ இக்குறிப்புகளைத் தேடித் தொகுத்து, 1,200 ஆண்டுகளுக்கு மேல் நீளும் மலர்ச்சி நாள் வரிசையை உருவாக்கினார். ஒரே நகரின் ஒரே பருவ நிகழ்ச்சியைப் பற்றி இவ்வளவு நீண்ட பதிவு உலகில் மிக அரிது.

அந்த வரிசை இன்று கவலைக்குரிய செய்தி ஒன்றைச் சொல்கிறது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஏப்ரல் நடுப்பகுதியை ஒட்டி நிகழ்ந்த முழுமலர்ச்சி, படிப்படியாக முன்னேறி மார்ச் இறுதிக்கும் ஏப்ரல் தொடக்கத்துக்கும் இடைப்பட்ட நாட்களுக்கு வந்துவிட்டது. 2021இல் அது மார்ச் 26ஆம் நாள் நிகழ்ந்து, 1409இன் மார்ச் 27 என்ற முந்தைய எல்லையைக் கடந்தது. புவி வெப்பமாதலோடு நகரத்தின் கட்டடங்களும் சாலைகளும் தேக்கி வைக்கும் வெப்பமும் இதற்குக் காரணம்.

வசந்தத்தில் நடப்பவர் காணும் மரங்கள் எல்லாம் ஒரே காலத்தவை அல்ல. ஏடுகளில் பெரிதும் பேசப்படுவது, தளிரும் பூவும் சேர்ந்து விரியும் மலைச்செர்ரி; மேற்கே அரஷியாமா மலைச்சரிவில் அதைக் காணலாம். கிழக்கு மலையடிவாரத்தில், ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீளும் ‘மெய்யியலாளர் பாதை’யின் மரங்களோ 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓவியர் ஹஷிமோத்தோ கன்செத்சு தம்பதியர் கன்றுகளை நன்கொடையாக அளித்ததால் வளர்ந்தவை. மெய்யியலாளர் நிஷிதா கித்தாரோ நடந்த பாதை என்பதால் அதற்கு இப்பெயர். அதன் ஓரமாகச் செல்லும் கால்வாயைக் கவனிப்பவர், அந்நீர் கமோ ஆற்றுக்கு எதிர்த்திசையில் வடக்கு நோக்கி ஓடுவதைக் காண்பார். பேரரசர் தோக்கியோவுக்குச் சென்றபின் நலிந்த நகரை மீட்பதற்காக, இளம் பொறியாளர் தனாபே சக்குரோவின் பொறுப்பில் பிவா ஏரியிலிருந்து வெட்டப்பட்டு 1890இல் முடிந்த கால்வாயின் கிளை அது. அக்கால்வாய் நீரால் கேயாகே என்னும் இடத்தில் 1891இல் மின்னாக்கம் தொடங்கியது. அந்த மின்சாரத்தைக் கொண்டு 1895இல் ஜப்பானின் முதல் மின்சார டிராம் இந்நகரில் ஓடியது. பழமையின் சின்னமாகக் கருதப்படும் பூப்பாதை, உண்மையில் புதுமைக்கு நகரம் எடுத்த முயற்சியின் கரையில் மலர்ந்தது.

மழையும் கோடையும்: தெருவின் உழைப்பு

ஜூன் தொடங்கியதும் ‘சுயு’ எனப்படும் மழைக்காலம் வருகிறது. அது முடியும் ஜூலை நடுப்பகுதியிலிருந்து, மூன்று பக்கமும் மலை அடைத்த நிலத்தில் ஈரமும் வெக்கையும் தேங்கி நிற்கும். பழங்காலத்தில் இப்பருவம் கமோ ஆற்றின் வெள்ளத்துக்கும் கொள்ளை நோய்க்கும் உரியது. 1935 ஜூனில் ஏற்பட்ட பெருவெள்ளம் பாலங்கள் பலவற்றைக் கொண்டுசென்றது. ஆற்றுப் படுகையைத் தாழ்த்தி, கரைகளைச் சீரமைத்த பணி அதன் விளைவு. இன்று மக்கள் நடக்கும் அகன்ற ஆற்றங்கரைகளுக்குப் பின்னால் இந்த அச்சத்தின் வரலாறு இருக்கிறது.

அந்த அச்சத்திலிருந்தே நகரின் மிகப்பெரிய விழாவும் பிறந்தது. 869இல் நாடெங்கும் நோய் பரவியபோது, அன்றைய ஜப்பானின் மாகாணங்களைக் குறிக்கும் 66 ஈட்டிகளை அதே ஷின்சென்-என் தோட்டத்தில் நட்டு, சினந்த ஆவிகளை அமைதிப்படுத்தும் சடங்கு நடத்தியதாக மரபு கூறுகிறது. ஜூலை முழுவதும் நடக்கும் கியோன் விழாவின் தொடக்கம் அது. ஓனின் போரால் நின்றுபோன தேர் ஊர்வலத்தை 1500இல் மீட்டவர்கள் கீழ்நகரத்து மக்கள். 1533இல் ஆட்சியாளர் ஆலயச் சடங்கை நிறுத்த ஆணையிட்டபோது, சடங்கு இல்லாவிட்டாலும் தேர்களையாவது ஓட்ட விடுங்கள் என்று அவர்கள் கேட்டது வரலாற்றில் பதிவாகியுள்ளது.

இத்தேர்கள் கோயிலுக்கு உரியவை அல்ல; தெருவுக்கு உரியவை. கியோட்டோவில் ‘ச்சோ’ எனப்படும் குடியிருப்பு அலகு, நான்கு தெருக்கள் சூழ்ந்த கட்டமாக அமையாமல், ஒரு தெருவின் இருபுறமும் எதிரெதிராக நிற்கும் வீடுகளின் கூட்டாக அமைந்தது. ஆகவே தெரு இங்கே பிரிக்கும் கோடாக இல்லாமல் சேர்க்கும் முற்றமாக இருக்கிறது. ஒவ்வொரு தேரும் ஒரு ச்சோவின் பொதுச்சொத்து. ஜூலை 10ஆம் நாளையொட்டி அத்தெருக்களில் நடப்பவர், தேரின் மரச்சட்டங்களைத் தச்சர்கள் ஆணியின்றி வைக்கோல் கயிற்றால் வரிந்து கட்டுவதைப் பார்க்கலாம். கயிறு சற்றே நெகிழ்ந்து கொடுப்பதால், பன்னிரண்டு டன் அளவு எடையும் 25 மீட்டர் உயரமும் உள்ள பெருந்தேர் குலுங்கினாலும் சட்டம் முறிவதில்லை. தேரின் சக்கரங்கள் தாமாகத் திரும்பக்கூடியவை அல்ல. ஆகையால் தெருமுனையில் பிளந்த மூங்கில்களைப் பரப்பி, நீர் ஊற்றி, தேரைப் பக்கவாட்டில் இழுத்துத் திருப்புகிறார்கள். தேர்களின் பக்கங்களை மூடும் துணிகளில் 16ஆம் நூற்றாண்டுப் பிரசெல்ஸ் நகரில் நெய்த சித்திரத் திரைகளும், இந்தியாவின் தக்காணத்தில் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் நெய்யப்பட்டவை என ஆய்வாளர்கள் கருதும் கம்பளங்களும் உள்ளன. நெய்த ஊர்களில் மிக அரிதாகிவிட்ட அக்கம்பளங்கள், ஒரு தெருவின் பாதுகாப்பில் நிலைத்திருக்கின்றன.

வீட்டின் உள்ளும் பருவத்துக்கேற்ப மாறுகிறது. ‘மச்சியா’ எனப்படும் மரபுவழி வணிகர் வீடு, தெருப்பக்கம் குறுகிப் பின்னோக்கி நீண்டது; நடுவே ‘சுபோனிவா’ என்னும் சிறு முற்றத்தோட்டம் உண்டு. ஜூன் மாதத்தில் காகிதக் கதவுகளைக் கழற்றி நாணல் கதவுகளை மாட்டி, பாய்த்தரையின்மேல் பிரம்புப் பின்னல் விரிப்பார்கள். வாசலில் நீர் தெளிப்பதாலும், முற்றத்தில் நீர் தெளிப்பதாலும் ஏற்படும் வெப்ப வேறுபாடு வீட்டினூடே மெல்லிய காற்றை நகர்த்தும். வாசலைப் பெருக்குபவர் தம் எல்லையைத் தாண்டி அடுத்த வீட்டின் பக்கமும் சற்றுப் பெருக்கி நிறுத்துவது வழக்கம். அதிகம் பெருக்கினால் அது தலையீடாகிவிடும். ஜூன் 30ஆம் நாள், அரையாண்டின் மாசு நீங்க ஆலயங்களில் பெரிய புல்வளையத்தினூடே நடந்து வருபவர்கள், வெண்மையான மாவுப் பலகாரத்தின்மேல் சிவப்பு அசுக்கிப் பயறு பதித்து, பனிக்கட்டித் துண்டைப்போல் முக்கோணமாக வெட்டிய ‘மினாசுக்கி’யை உண்பார்கள். ஆகஸ்ட் 16 இரவு எட்டு மணி முதல், நகரைச் சூழ்ந்த ஐந்து மலைகளில் தீ எழுத்துகளும் உருவங்களும் எரிந்து, வீடு வந்திருந்ததாகக் கருதப்படும் முன்னோரின் ஆவிகளை வழியனுப்புகின்றன. கிழக்கு மலையில் எரியும் ‘பெரிது’ என்னும் எழுத்தின் மிக நீண்ட கோடு 160 மீட்டர். அதற்கான 75 தீக்குழிகளுக்கும் விறகு சுமந்து அடுக்குபவர்கள் மலையடிவாரக் குடும்பத்தினரே.

இலையுதிர்காலம்: மலையை உள்ளே அழைக்கும் தோட்டம்

நடுச்சரத் திங்களின் முழுநிலவை டைக்காக்குஜி கோயிலின் ஓசாவா குளத்தில் படகேறிக் காணும் மரபோடு இலையுதிர்காலம் கனிகிறது. நவம்பர் பிற்பகுதியில் மேப்பிள் இலைகள் சிவக்கின்றன. பகல் வெயிலுக்கும் இரவுக் குளிருக்குமான இடைவெளி மிகுந்த மலையடிவாரங்களிலும், ஈரம் குறையாத ஓடைச்சரிவுகளிலும் நிறம் நன்கு பிடிப்பதால், கிழக்கு மலையோரக் கோயில்கள் இப்பருவத்தின் நடைவழியாகின்றன. அவற்றுள் தோஃபுகுஜி தனித்தன்மை உடையது: கோயில் வளாகத்தை ஊடறுக்கும் ஒரு பள்ளத்தாக்கின்மேல், துறவியர் மண்டபத்திலிருந்து மண்டபத்துக்குச் செல்ல அமைத்த கூரையிட்ட மரப்பாலத்தில் நிற்பவருக்கு, மேப்பிள் மரங்களின் உச்சிகள் காலுக்குக் கீழே தெரியும். இக்கோயிலில் செர்ரி மரங்கள் இருந்தால் துறவு மடம் கேளிக்கை இடமாகிவிடும் என்று எண்ணி, அவற்றை அகற்றுமாறு ஓவியத் துறவி மின்ச்சோ 15ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆட்சியாளரிடம் வேண்டினார் என்பது கோயில் மரபு. ஒரு பருவத்தை விலக்கி மற்றொன்றைத் தேர்ந்ததும் மனிதர் முடிவே.

நகரின் வடக்கே உள்ள என்ட்சுஜி கோயில் ‘ஷக்கெய்’ என்ற உத்திக்குச் சிறந்த எடுத்துக்காட்டு. தொலைவில் உள்ள இயற்கைக் காட்சியைத் தோட்ட அமைப்பின் ஓர் உறுப்பாகவே உள்ளே கொண்டுவருவது இவ்வுத்தி. அங்கே பாசியும் தாழ்ந்த பாறைகளும் முன்னணியில் அமைய, கத்தரித்த புதர்வேலி நடுவிலுள்ள நிலத்தை மறைக்க, உயர்ந்த மரத்தண்டுகளின் இடைவெளியில் ஹியே மலை நிற்கிறது. வேலிக்கும் மலைக்கும் நடுவே ஓர் உயர்ந்த கட்டடம் எழுந்தாலும் தோட்டம் அழிந்துவிடும் என்பதால், இத்தோட்டத்தின் எல்லை அதன் மதிலோடு முடிவதில்லை, மலைவரை நீள்கிறது.

குளிர்காலம்: தீயும் உப்பும்

நவம்பர் இறுதியிலிருந்து, ஜப்பான் கடல் பக்கமிருந்து வரும் மேகங்கள் வட மலைகளைத் தாண்டிச் சிறு தூறல்களாக உதிர்ந்துபோகும்; மேல்நகரத்தில் மழை பெய்துகொண்டிருக்க, தெற்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும். நகரின் சரிவை உடலால் அறியச் செய்வது இந்த ‘கிதாயாமா ஷிகுரே’. குளிர் தரையிலிருந்து கிளம்பி எலும்பில் ஏறுவதுபோல் இருப்பதால் இங்கத்திய குளிருக்கு ‘அடிக்குளிர்’ என்றே பெயர். இக்குளிரைப் பயன்படுத்தி வளர்ந்தவை ஊறுகாய்த் தொழில்கள். வடக்கே கமிகமோ பகுதியில், சுகுக்கி என்ற கிழங்கை உப்பிட்டு மரத்தொட்டியில் அடுக்கி, நீண்ட கழியின் ஒரு முனையைப் பொருத்தி, மறுமுனையில் கற்களைத் தொங்கவிட்டு நெம்புகோல் அழுத்தத்தால் பிழிகிறார்கள். வேறு புளிப்பு எதுவும் சேர்க்காமல், புளிக்கும் செயலே சுவையைத் தருகிறது.

ஆண்டின் கடைசி இரவில் யசாகா ஆலயத்துக்குச் செல்பவர்கள், அங்கு எரியும் தூய தீயிலிருந்து ஒரு மூங்கில் நார்க்கயிற்றின் நுனியில் கங்கு ஏந்தி, அணையாமலிருக்க அதைச் சுழற்றியபடியே வீட்டுக்கு நடந்து, அத்தீயால் புத்தாண்டின் முதல் சமையலைத் தொடங்கும் வழக்கம் உண்டு. நாட்காட்டி இங்கே கால்களால் வீடு வந்து சேர்கிறது. பழைய கணக்கின்படி வசந்தம் பிறப்பதற்கு முந்தைய நாளான செத்சுபுனில், பெரும்பாலும் பிப்ரவரி 3இல், அரண்மனையைச் சூழ்ந்த நான்கு மூலைகளிலுள்ள யோஷிதா, யசாகா, மிபு, கிதானோ ஆகிய தலங்களையும் சுற்றிவந்து தீமையை விலக்குவது மற்றொரு நடைமரபு. கிதானோ தெம்மாங்கூவில் பிப்ரவரி 25ஆம் நாள், 903இல் மறைந்த அறிஞர் சுகவாரா நோ மிச்சிசானேயின் நினைவாக நடக்கும் பிளம்பூ விழாவோடு ஆண்டுச்சுற்று மீண்டும் வசந்தத்தைத் தொடுகிறது.

சட்டமும் குடியிருப்போரும்

பருவத்தைக் காக்கச் சட்டம் எவ்வளவு செய்ய முடியும் என்பதற்குக் கியோட்டோ அரிய சான்று. 2007இல் நடைமுறைக்கு வந்த நகரக் காட்சிக் கொள்கை, நகர நடுவில் கட்டடங்களின் உச்ச உயரத்தை 45 மீட்டரிலிருந்து 31 மீட்டராகவும், பெருஞ்சாலைகளுக்கு உட்பட்ட பகுதிகளில் 15 மீட்டராகவும் குறைத்தது. கூரைமேல் விளம்பரங்களையும் மின்னி அணையும் விளக்குகளையும் தடை செய்தது. 38 காட்சிகளைப் பாதுகாப்புக்கு உரியவையாக அறிவித்தது. என்ட்சுஜியிலிருந்து தெரியும் ஹியே மலையும், ஆகஸ்ட் தீ எழுத்துகளும் அவற்றுள் அடங்கும். ஆண்டில் ஓர் இரவு மட்டும் எரியும் தீயைக் காண்பதற்கான உரிமையை, ஆண்டு முழுவதற்குமான கட்டட விதியாக மாற்றிய செயல் இது. நிலத்தின் மதிப்பு குறையும் என்ற எதிர்ப்பு எழுந்தபோதும் நகரம் இம்முடிவை எடுத்தது பாராட்டுக்குரியது.

ஆயினும் சட்டத்தால் எட்ட முடியாத பகுதி ஒன்று உண்டு. நகராட்சி 2016இல் எடுத்த கணக்கின்படி மச்சியா வீடுகள் சுமார் 40,000 எஞ்சியிருந்தன. ஆண்டுக்கு ஏறத்தாழ 800 வீடுகள் மறைந்து கொண்டிருந்தன. ஒரு வீடு விடுதியாக மாறும்போது முகப்பு நிலைக்கலாம். ஆனால் ஜூனில் கதவு மாற்றவும், ஜூலையில் தேர்க்கயிறு பிடிக்கவும், ஆகஸ்ட் இறுதியில் தெருப் பிள்ளைகளைக் கூட்டி ஜிசோ என்னும் காவல் தெய்வத்துக்கு விழா எடுக்கவும் அங்கே ஆள் இருப்பதில்லை. 1869இல், நாட்டின் கல்விச் சட்டம் வருவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 64 தொடக்கப்பள்ளிகளைத் தெருக் கூட்டமைப்புகள் வழியாகவே நிறுவிய சமூகம் இது. அத்தகைய சமூகம் கலைந்தால், விழா நாட்காட்டி வெறும் பயண அட்டவணையாகிவிடும்.

காலநிலையின் நகர்வும் இதே கேள்வியை வேறு வகையில் எழுப்புகிறது. 1873இல் ஜப்பான் பழைய நிலவுவழி நாட்காட்டியைக் கைவிட்டபோது, கியோன் விழாவின் நாட்கள் ஜூலைக்கு மாற்றப்பட்டன. நாள் மாறியும் விழா நிலைத்ததற்குக் காரணம் அதை நடத்திய தெருக்கள் நிலைத்திருந்தமையே. செர்ரி மார்ச்சுக்கு முந்துவதையும் மேப்பிள் டிசம்பருக்குப் பிந்துவதையும் எந்த நகரமும் தனித்து நிறுத்த முடியாது. ஆனால் மாற்றத்தைக் கண்டு குறித்து வைக்கவும், அதற்கேற்பத் தம் வழக்கங்களைத் திருத்திக்கொள்ளவும் தெருவில் வாழ்பவர்களால் முடியும். 812 முதல் நீளும் மலர்ச்சிப் பதிவே அதற்குச் சான்று. ஆகையால் கியோட்டோவைக் காப்பது என்பது, கட்டடங்களோடு சேர்த்து, அவ்வீதிகளில் அன்றாடம் நடந்து வாழ்வதை எளிய மக்களுக்கு இயலக்கூடியதாக வைத்திருப்பது என்று பொருள்படும். வாடகையும் நிலவரியும் விடுதி உரிமங்களும் இந்நகரில் மரபுக் காப்பின் கேள்விகளாகவே கருதப்பட வேண்டும்.